சோபாவில் அமர்ந்தவர்களும் அமராதவர்களும்: அமெரிக்கத் தொலைக்காட்சி நேர்காணல்களில் பாலியல் படத்துறையின் வரலாறு

1980இல் பில் டொனஹ்யூவின் பகல்நேர நிகழ்ச்சிக்கு லிண்டா போர்மன் வந்தார். எட்டு ஆண்டுகளுக்கு முன் லிண்டா லவ்லேஸ் என்ற பெயரில் ‘டீப் த்ரோட்’ படத்தில் நடித்தவர் அவர். அன்றைய கணவர் சக் ட்ரெய்னர் அடித்தும் துப்பாக்கியைக் காட்டி மிரட்டியுமே தன்னை இத்தொழிலில் இறக்கினார் என்று குற்றம்சாட்டும் ‘ஆர்டீல்’ என்ற தன்வரலாறு அந்த ஆண்டுதான் வெளியாகியிருந்தது. பொய் கண்டறியும் சோதனைக்கு அவரை உட்படுத்திய பிறகே பதிப்பாளர் அதை அச்சேற்றினார். ஆனால் அந்த அரங்கில் கேள்விகள் அவரை நோக்கியே திரும்பின. குழந்தைப் பருவத்தில் அவருக்கு என்ன குறை இருந்தது என்று துருவினார்கள். நிகழ்ச்சியைப் பார்த்துக் கொதித்த பெண்ணிய எழுத்தாளர் குளோரியா ஸ்டைனம் அதே ஆண்டு ‘மிஸ்’ இதழில் போர்மனுக்கு ஆதரவாக எழுதினார். பாலியல் படங்களுக்கு எதிரான பெண்ணிய இயக்கத்துக்குப் போர்மன் ஒரு முக்கியச் சாட்சியாக மாறியது இதன் பிறகுதான். 1986இல் பாலியல் படங்கள் குறித்து விசாரித்த அரசின் மீஸ் ஆணையத்தின் முன்பும் அவர் சாட்சியம் அளித்தார்.

இத்துறையின் வரலாற்றை எழுதுபவர்கள் இத்தகைய பழைய பதிவுகளில் நடிகர்கள் சொன்ன பதில்களையே பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். பதில்களைவிடக் கேள்விகளே நம்பகமான சான்று என்பது என் கருத்து. போர்மனின் பெயரில் 1970களில் வந்த ‘இன்சைடு லிண்டா லவ்லேஸ்’ நூல், அவர் எல்லாவற்றையும் விரும்பியே செய்ததாகச் சொன்னது. 1980இன் நூல் அதைத் தலைகீழாக மறுத்தது. பதில் இப்படி மாறியபோதும் கேள்வி மாறவில்லை. இரண்டு காலத்திலும் விசாரணைக்கு உள்ளானவர் நடித்த பெண்தான். படம் எடுத்தவர்களும் விற்றவர்களும் அல்ல.

தொடக்கத்திலிருந்து பார்ப்போம். 1972இல் சுமார் 25,000 டாலரில் ஜெரார்ட் டாமியானோ எடுத்த ‘டீப் த்ரோட்’ நியூயார்க்கில் வரிசையில் நின்று பார்க்கும் படமானது. 1973 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸின் ஞாயிறு இதழ் இந்த மோகத்துக்கு ‘போர்னோ சிக்’ என்று பெயரிட்டு எழுதியது. இரவுநேர நிகழ்ச்சிகள் படத்தின் பெயரைச் சொல்லியே சிரிப்பு வரவழைத்தன. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் மில்லர் வழக்கில், எது ஆபாசம் என்பதை அந்தந்தச் சமூகத்தின் அளவுகோலைக் கொண்டும் தீர்மானிக்கலாம் என்றது. நியூயார்க்கின் நகைச்சுவை டென்னசியில் குற்றமாவதற்கு இது வழிவிட்டது. 1976இல் அம்மாநிலத்தின் மெம்பிஸ் நகரில், அப்படத்தில் நடித்த ஹாரி ரீம்ஸ் ஆபாச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. மறு ஆண்டு அது ரத்தானது. விளக்கமைக்கும் வேலைக்கு வந்து, நடிகனாக நிறுத்தப்பட்டவர் அவர். அவருக்காக வாதாடிய ஆலன் டெர்ஷோவிட்ஸ், வழக்கைப் பேச்சுரிமைப் பிரச்சினையாக மக்கள் முன் வைத்தார். இக்காலத்தில் ரீம்ஸ் பொது மேடைகளில் பேசியதை, வழக்குச் செலவுக்கு ஆதரவு தேடியவரின் பேச்சு என்பதை மறந்துவிட்டுப் படிக்கக் கூடாது.

இக்காலத்து நேர்காணல்களைத் தேடினால், பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் பதிவுகளில் பெருந்துளைகள் உள்ளன. அன்றைய இரண்டு அங்குல வீடியோ நாடா விலை அதிகம்; அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம். ஜானி கார்சனின் ‘டுநைட்’ நிகழ்ச்சியில் 1962 முதல் பத்தாண்டுப் பதிவுகளில் பெரும்பகுதியை என்பிசி இப்படித்தான் இழந்தது. 1971இல் சோனியின் முக்கால் அங்குலக் கேசட் வந்ததும் சிறிய தயாரிப்பாளர்களுக்கும் பதிவு கைக்கெட்டியது. விளைவு விசித்திரமானது. மதிப்புக்குரிய நிகழ்ச்சிகளின் நாடாக்கள் அழிந்தன. முகம் சுளிக்க வைத்த ஒரு கேபிள் நிகழ்ச்சி பிழைத்துக்கொண்டது.

அந்த நிகழ்ச்சிதான் ‘மிட்நைட் ப்ளூ’. 1968இல் ‘ஸ்க்ரூ’ வார இதழைத் தொடங்கிய ஆல் கோல்ட்ஸ்டீன், 1970களின் நடுவில் மன்ஹாட்டன் கேபிளின் ஜே சேனலில் இதைத் தொடங்கினார். பணம் கட்டினால் யாரும் நேரம் வாங்கக்கூடிய சேனல் அது. நடிகர்கள், இயக்குநர்கள், இதழ்க்காரர்கள் எனத் துறையின் ஆட்கள் அதில் வந்து பேசினார்கள். இடையிடையே பாலியல் சேவை விளம்பரங்கள் ஓடின. தன்னை ஏமாற்றியதாகக் கருதியவர்களைப் பெயர் சொல்லித் திட்டித் தீர்க்க கோல்ட்ஸ்டீன் தனிப் பகுதியே வைத்திருந்தார். பிற்காலத்தில் இப்பதிவுகளின் தொகுப்புகள் டிவிடியாக வெளிவந்தன. இன்று 1970களின் நியூயார்க் பற்றி எழுதுவோருக்கு இது ஒரு புதையல். ஆனால் இதைப் புதைத்து வைத்தவர் யார்? ‘டீப் த்ரோட்’ வெளியானபோது ‘ஸ்க்ரூ’வில் வானளாவப் புகழ்ந்து எழுதியவரும் இதே கோல்ட்ஸ்டீன்தான். கேட்பவரும் வியாபாரி, பேசுபவரும் அதே சந்தையை நம்பியவர். சங்கடமான கேள்விக்கு அங்கே என்ன அவசியம்?

டொனஹ்யூவின் அரங்கில் கேட்கப்பட்டது ஒழுக்கம். கோல்ட்ஸ்டீனின் அறையில் கேட்கப்பட்டது கிளுகிளுப்பு. இரண்டிலும் விடுபட்டது பணம். ‘டீப் த்ரோட்’டுக்குப் பணம் போட்டவர்கள், கொலம்போ மாஃபியா குடும்பத்தோடு தொடர்புடைய பெரைனோ குடும்பத்தார். கோடிகள் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. தனக்கு 1,250 டாலர் பேசப்பட்டதாகவும் அது கணவர் கைக்கே போனதாகவும் போர்மன் பின்னர் சொன்னார். பெரைனோக்கள் எந்த சோபாவிலும் அமர்ந்து பேசியதாக நான் கண்டதில்லை. அவர்களைத் தேட வேண்டிய இடம் நீதிமன்றக் கட்டுகள். மெம்பிஸ் வழக்கில் அவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களே.

1980களில் வீட்டுக்கு வீடு விசிஆர் வந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் வீட்டில் பதிவுசெய்து பிறகு பார்ப்பதைச் சட்டப்படி ஏற்றது. நிறுவனங்கள் பேணாத பல பகல்நேர நிகழ்ச்சிகள் இன்று கிடைப்பது, பெயர் தெரியாத வீட்டுக்காரர்கள் அழுத்திய பொத்தானால்தான்.

இதே பத்தாண்டில் நடிகைகளும் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். 1983இல் நியூயார்க்கில் கேண்டிடா ராயல், அனி ஸ்ப்ரிங்கிள் உள்ளிட்ட சிலர் ‘கிளப் 90’ என்ற ஆதரவுக் குழுவை அமைத்தனர். மறு ஆண்டு ராயல் பெண்களின் பார்வையில் படமெடுக்க ‘ஃபெம்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 2015இல் அவர் மறைந்தபின், இளமை முதல் எழுதிவந்த நாட்குறிப்புகள் உள்ளிட்ட ஆவணங்கள் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தைச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு ஜேன் கமென்ஸ்கி எழுதிய வரலாறு 2024இல் வெளியானது. நாட்குறிப்பு ஒருபுறம், கேமரா முன் பேச்சு மறுபுறம் என்று வைத்துப் பார்க்க இத்துறையில் வாய்த்த அரிய நேர்வு இது.

2013இல் தொடங்கிய ‘ரியால்டோ ரிப்போர்ட்’ ஒலி நேர்காணல்கள் நாற்பது ஆண்டு கழித்து அதே மனிதர்களைத் தேடிப் போயின. விளம்பர இடைவெளி இல்லை, கைத்தட்டும் கூட்டம் இல்லை. ஒருவர் மணிக்கணக்கில் பேசலாம். நடிகர்களோடு படத்தொகுப்பாளரும் ஒளிப்பதிவாளரும் வந்தார்கள். இங்கேயும் குறை உண்டு: பேச வருபவர்கள் பிழைத்திருப்பவர்கள் மட்டுமே, ஹாரி ரீம்ஸ் அந்த 2013 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். நாற்பதாண்டு ஏக்கம் நினைவை இனிப்பாக்கவும் செய்யும். ஆனாலும் எந்த வீட்டு மாடியில் படப்பிடிப்பு நடந்தது, யார் ரொக்கமாகக் கொடுத்தார், யாருக்குக் கொடுக்கவில்லை என்று தொழிலைத் தொழிலாகக் கேட்கும் வழக்கம் இத்தகைய பதிவுகளில்தான் வேர்பிடித்தது.