தாய்ப்பாலின் ஓட்டமும் கணிதமும்

கொச்சித் துறைமுகம் நீரோட்டத்தால் பிறந்தது. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் எழுந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை அகலத் திறந்துவிட்டது என்பர் வரலாற்றாசிரியர். மட்டாஞ்சேரிக் கரையில் நின்று நோக்கின், பல ஆறுகள் காயலில் கலந்து ஒரு வாயில் வழியே கடலைச் சேரும் காட்சியைக் காண்கிறோம். தாயின் மார்பகத்தினுள்ளும் இத்தகைய அமைப்பே உளது. நுண்ணிய பைகளில் சுரக்கும் பால் சிறு நாளங்களில் இறங்கி, அவை ஒன்றுகூடிய பெரு நாளங்களின் வழியே குழந்தையின் வாயை அடைகிறது. இவ்வோட்டத்தை அறிஞர் எவ்வாறு கணக்கிட்டறிந்தனர் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1840ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், இறந்தோரின் பால் நாளங்களில் நிறமேற்றிய மெழுகைச் செலுத்தி, அவற்றின் கிளைகளை அரிய சித்திரங்களாக வெளியிட்டார். அதே காலத்தில் பாரிஸ் நகர மருத்துவர் புவாஸே, மெல்லிய குழாய்களில் நீர் ஓடும் விதியைக் கண்டறிந்தார். குழாயின் ஆரம் இரு மடங்கானால், பிற யாவும் மாறாதிருக்க, ஓட்டம் பதினாறு மடங்காகும். ஆரம் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் ஓட்டம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பால் நாளங்களைக் கணக்கிட வந்த பிற்காலத்தாருக்கு இவ்விதியே அடிப்படையாயிற்று.

இவ்விதியைக் கணிதத்தால் நிறுவுவோர், ஓட்டத்தை மிக மெல்லிய அடுக்குகளாகப் பகுத்து, பின்னர் அவற்றைக் கூட்டுவர். பகுத்துக் கூட்டும் இச்சிந்தனை கேரள நாட்டுக்குப் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் இயற்றிய யுக்திபாஷை, கோளத்தை மெல்லிய துண்டுகளாக்கி அதன் கன அளவைக் காண்கிறது. மட்டாஞ்சேரி அரண்மனையில் முடிசூடிய கொச்சி அரச குலத்தில் தோன்றிய ராமவர்ம மருதம்புரான், அகிலேசுவர ஐயருடன் இணைந்து, அந்நூலின் கணிதப் பகுதியை விளக்கவுரையுடன் 1948இல் திருச்சூரில் வெளியிட்டார்.

அதே 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நைல்ஸ் நியூட்டன் என்னும் அம்மையாரும் அவர் கணவர் மைக்கேல் நியூட்டனும் ஒரு சோதனை நிகழ்த்தினர். பாலூட்டும் தாயாகிய அவ்வம்மையாரே சோதனைக்கு உட்பட்டார். அமைதியாயிருந்த நாட்களில் குழந்தை சராசரி 168 கிராம் பால் அருந்தியது. தாயின் பாதங்களைப் பனிநீரில் அமிழ்த்தியும், கால் விரல்களை வலிக்க இழுத்தும் மனத்தைக் கலைத்தபோது அது 99 கிராமாகக் குறைந்தது. அத்தொல்லைகளுக்கிடையே பால் இறக்கும் சுரப்பிச் சத்தை ஊசி மூலம் செலுத்தியபோது 153 கிராமாக உயர்ந்தது. சுரந்த பால் உள்ளே இருந்தது. அதை இறக்கும் செயலே தடைப்பட்டிருந்தது. ஆக்ஸிடோசின் எனப்படும் அச்சத்து பாற்பைகளைச் சுற்றிய தசைநார்களைச் சுருங்கச் செய்யும், நாளங்கள் விரியும். ஆரம் சிறிது கூடினும் ஓட்டம் பெரிதும் கூடும் என்னும் விதியை இங்கு நினைவுகூர்க.

1997இல் ஆஸ்திரேலிய அறிஞர்கள், குழந்தை உறிஞ்சுவதையும் கருவி உறிஞ்சுவதையும் ஒப்பிட்டுச் சமன்பாடுகள் அமைத்தனர். 2005இல் அந்நாட்டிலேயே ஒலியலைப் படங்களால் ஆராய்ந்தோர், காம்பை அடையும் நாளங்கள் சராசரி ஒன்பதே என்று கண்டனர்; பழைய பாடநூல்கள் பதினைந்து முதல் இருபது என்று கூறிவந்தன. 2014இல் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர், குழந்தை காம்பை மெல்லுவதால் அன்றி, தன் வாயினுள் அழுத்தத்தைக் குறைப்பதாலேயே பாலைப் பெறுகிறது எனக் கணிதத்தால் காட்டினர்.

இவற்றால் நமக்கு என்ன பயன்? தாய்வீட்டில் பிள்ளை பெற்று, பூண்டும் பால்சுறாவும் உண்டு, மூத்தோர் அரவணைப்பில் இளைப்பாறுதல் தமிழர் வழக்கம். வேற்று மாநிலத்தில் வாழும் நம் பெண்களில் பலருக்கு அப்பேறு வாய்ப்பதில்லை. பால் இறங்கத் தாமதமானால், "இவளுக்குப் பாலில்லை" என்று சுற்றத்தார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அச்சொல்லே அவள் மனத்தைக் கலைத்து, பாலை மேலும் தடுக்கக் கூடும். அடிக்கடி ஊட்டுதலும், குழந்தையை உடலோடு அணைத்தலும், தாய்க்கு ஓய்வும் ஆறுதலும் அளித்தலுமே முதல் மருந்து.

அதன் பின்னரும் இயலாத தாயருக்கும், குறைமாதத்தில் பிறந்த சிசுக்களுக்கும் வேறு வழி உண்டு. மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலுக்கு அப்பால், எறணாகுளம் பொது மருத்துவமனையில் 2021 பிப்ரவரியில் கேரளத்தின் முதல் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பெற்றது. இத்தகைய வங்கிகளில், தாயர் மனமுவந்து அளிக்கும் பாலை 62.5 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்துத் தூய்மை செய்து, பிறர் குழந்தைகளுக்கு ஊட்டுகின்றனர். அவ்வாறு அளிக்கும் தாய் இன்ன மொழியினள் என்று அக்குழந்தைகள் கேட்பதில்லை.