திருகோணமலைச் சாசனங்களும் இடைக்கால வரலாற்று மாணவரும்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்து அமைந்த கடற்கரைக் கிராமம் சல்லி. முத்துமாரியம்மன் கோயிலாற் புகழ்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்த பிரதேசத்தில் இடைக்கால ஈழ வரலாற்றுக்குரிய சான்றிடங்கள் மூன்று உள. வடக்கே நிலாவெளி, தெற்கே கோணமலையிலுள்ள பிரட்றிக் கோட்டை, மேற்குப்புறத்தே பெரியகுளத்தை அடுத்த வெல்கம் விகாரை என்பனவே அவை. இடைக்கால வரலாற்றில் பட்டப்பின் ஆய்வு மேற்கொள்ள விழையும் மாணவருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை இம்மூன்று இடங்களும் நன்கு புலப்படுத்துகின்றன.

நிலாவெளிச் சாசனம் கோணமலையிலுள்ள மச்சகேசுவரத்துக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டமையைத் தமிழிற் கூறுகின்றது. இதனை வாசிக்க இன்றைய தமிழறிவு மட்டும் போதாது. பண்டைய வரிவடிவமும் நில அளவைச் சொற்களும் சாசன வழக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். கோட்டையிற் கிடைத்த சோடகங்கன் கல்வெட்டோ கிரந்த எழுத்தில் அமைந்த வடமொழிச் சாசனமாகும். அதிலுள்ள சக ஆண்டு 1145 என்பது கி.பி. 1223 எனக் கொள்வதற்குக் காலக்கணிப்பு முறையும் அறிய வேண்டும்.

வெல்கம் விகாரை சோழராட்சியில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. இப்பௌத்தப் பள்ளியில் விளக்கெரிப்பதற்கு வழங்கப்பட்ட கொடைகளை அங்குள்ள தமிழ்ச் சாசனங்கள் குறிக்கின்றன. தமிழர் யாவரும் சைவர், பௌத்தர் யாவரும் சிங்களவர் என்ற எண்ணத்துடன் அங்கு செல்பவர் கல்லில் உள்ளதை விடுத்துத் தம் மனத்தில் உள்ளதையே வாசிப்பர். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்க்கு வரலாற்றின் ஒரு பக்கமே தெரியும். சூளவம்சத்தை மூலத்திற் கற்கப் பாளியும், அயலிலுள்ள சாசனங்களை ஒப்புநோக்கச் சிங்களமும் இன்றியமையாதன.

நூல்களை மதிப்பிடும் பயிற்சியும் வேண்டும். கோணேசர் கல்வெட்டு பெயரளவிற் கல்வெட்டாயினும், குளக்கோட்டன் மரபையும் கோயிற் கடமைகளையும் கூறும் இலக்கியமே. சமகாலச் சாசனத்துக்குரிய சான்றுவலிமையை அதற்கு அளித்தல் பொருந்தாது. முற்றாக ஒதுக்குதலும் தவறாகும். மரபு எவ்வாறு உருவாயிற்று என்பதும் வரலாற்று வினாவே.

பேராசிரியர் கா. இந்திரபாலா 1965இல் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டின் கருத்துகள் பலவற்றைப் புதிய சான்றுகளின் துணைகொண்டு மாற்றி, 2005இல் வேறொரு நூலை வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளின் பின்னரும் தம் முடிவைத் திருத்தும் இத்துணிவும் ஆய்வுப் பயிற்சியின் பாற்பட்டதே. இடைக்காலச் சாசனங்களை இக்கால உரிமை வழக்குகளுக்கு ஆவணமாக்கும் நாட்டில் அத்துணிவு பெரிதும் வேண்டற்பாலது. ஆய்வுத் தலைப்பைத் தேடுமுன் மொழிகளையும் எழுத்துகளையும் கற்கத் தொடங்குதலே இளநிலை மாணவர்க்குரிய முதற்பணி எனலாம்.