சோழிகள் கணித்த கிரகணம்

செஞ்சி வட்டத்துத் தொண்டூரில் தைப் பிறப்பை ஒட்டிய திங்கட்கிழமையொன்றில் இராகு காலம் எப்போது தொடங்கும்? சுவரில் தொங்கும் நாட்காட்டி 7.30 என்று சொல்லும். விதிப்படி கணித்தால் எட்டு மணியைத் தாண்டிவிடும். பகற்பொழுதை எட்டாகப் பகுத்து, திங்களன்று இரண்டாம் பகுதியைக் கொள்வதே விதி. அந்நாளில் தொண்டூரில் கதிரவன் எழுவது ஏறத்தாழ 6.37க்கு; பகலோ பதினொன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு; எட்டில் ஒரு பங்கு 86 நிமிடம். கூட்டிப் பாருங்கள்! நாட்காட்டியோ ஆண்டு முழுதும் ஆறு மணிக்கே விடிவதாகக் கொண்டு அச்சாகிறது. இராகு காலத்தை நம்புவதும் நம்பாததும் வேறு வழக்கு. கணக்கை நாம் மறந்துவிட்டோம் என்பதே இங்கு நம் கவலை.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் ஆகிய ஐந்து உறுப்புகளால் ஆனது பஞ்சாங்கம். நிலவு கதிரவனைவிட்டு 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. நிலவின் வேகம் சீரானதன்று. ஆதலால் திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கும் நீளலாம். அது முடியும் நேரத்தை உதயாதி நாழிகையாகக் குறிப்பது பழைய வழக்கம். நாழிகை என்பது 24 நிமிடம்.

இக்கணக்கைச் செய்தவர் எப்படிச் செய்தார்? செஞ்சிக்குத் தென்கிழக்கே, புதுச்சேரியில் நமக்கொரு நேர்சான்று கிடைக்கிறது. சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், 1825இல் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் அங்கு வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். ஏடுமில்லை, எழுதுகோலுமில்லை. தரையில் சோழிகளை நகர்த்தி, எண்களை எழுத்துகளாக்கி மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 – ஜூன் 1 இரவின் சந்திர கிரகணத்தை அவர் கணித்துக் காட்டினார். 1952இல் நொய்கபாவர் இதை ஆராய்ந்தார்: தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52.

இப்பிழைகளைக் கண்டு நகைக்க வேண்டியதில்லை. வெள்ளியின் இடைமறைப்பைக் காணப் புதுச்சேரி வந்து, 1769இல் மேகத்தால் ஏமாந்த பிரெஞ்சு அறிஞர் லெ ஜாந்தீல், தமிழர் முறையையும் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்தின் கால அளவில் அம்முறை காட்டிய பிழை 41 விநாடிதான். ஐரோப்பாவில் புகழ்பெற்ற மாயரின் அட்டவணை காட்டியதோ 68 விநாடி! வரருசியின் பெயரால் வழங்கும் நிலவு வாக்கியங்கள் 248. அதே 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும் உண்டு.

புதுச்சேரிக் கணிதருக்கு வானியல் தத்துவம் ஒன்றும் தெரியாது என்று வாரன் எழுதினார். உண்மையாகவே இருக்கலாம். தத்துவமும் அறியாமல், விதியும் அறியாமல், தாளை மட்டும் கிழிக்கும் நாம் அவரைக் குறை சொல்வதெங்ஙனம்?

வாக்கியமும் திருக்கணிதமும் இன்றும் மோதுகின்றன. திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17இல் கும்பத்தில் நுழைந்த சனிக்கு, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு பெயர்ச்சி விழா எடுத்தது அவ்வாண்டு டிசம்பர் 20இல்.