இணைய முகவரியும் தமிழ்ப் புள்ளியும்: சுருங்குறித்தொடர் வரலாற்றில் ஒரு குறிப்பு

இணைய முகவரியிலிருந்து தளப்பெயர், பாதை, வினவல் முதலிய உறுப்புகளைப் பிரித்தெடுக்க நிரலாளர் கையாளும் கருவி சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்). நரம்பு வலைகளை ஆராய்ந்த கணிதவியலாளர் ஸ்டீபன் கிளீனி 1951-இல் முன்வைத்த கருத்து இது. 1968-இல் கென் தாம்ப்சன் இதனை உரை தேடும் நிரல்முறையாக வடித்தார். டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர் ஆகியோர் 1998-இல் வெளியிட்ட முகவரி இலக்கணமும் 2005-இல் வந்த அதன் திருத்தமும் முகவரியைப் பகுக்கும் தொடர் ஒன்றைப் பின்னிணைப்பில் தருகின்றன.

அத்தொடரின் சிறப்பு அதன் எதிர்மறை வரையறை. இரட்டைச் சாய்கோட்டுக்குப்பின் / ? # என்பவற்றுள் ஒன்று வரும்வரை உள்ளவை அனைத்தும் தளப்பகுதி. அவை எம்மொழி எழுத்துகள் என்று அது வினவுவதில்லை. அவ்விலக்கணம் தமிழெழுத்துகளை நேரடியாக ஏற்கவில்லை. ஆயினும் அத்தொடரில் தமிழ் முகவரி தடையின்றிப் பகுபடுகிறது. ஆங்கில நெடுங்கணக்கை மட்டும் பட்டியலிட்டு எழுதப்பட்ட தொடர்களோ 2010, 2011 ஆண்டுகளில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்னும் களங்கள் ஏற்கப்பட்டபின் அவற்றை முகவரியாகவே கொள்ளவில்லை.

இதற்கு மாற்றாகச் 'சொல்லெழுத்து' என்னும் பொதுக்குறியைப் பயன்படுத்தினாலும் இடர் தீர்வதில்லை. பைத்தான் மொழியின் இயல்பான தொகுதி, தனிக்குறியீடு பெற்ற புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்வதில்லை. எனவே 'தக்கலை' என்னும் ஊர்ப்பெயர் 'தக', 'கல' என இரண்டாக உடைகிறது. தொல்காப்பியருக்குப் புள்ளி மெய்யின் இயல்பு. இந்நிரலுக்கோ அது சொல்லின் எல்லை. பெர்ல் மொழி இக்குறிகளையும் உள்ளடக்குவதால் அங்கு இவ்வுடைப்பு நேர்வதில்லை. உடைந்த துண்டுகள் தமிழ்ச் சொற்களைப் போலவே தோன்றுவதால் பிழை எளிதில் கண்ணில் படாது. தக்கலை பீர்முகம்மது அப்பா பற்றிய பக்கங்களை முகவரிவழித் திரட்டும் ஆய்வாளர், ஊர்ப்பெயரையே இழந்த பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிக்கை கூற நேரும்.

பாதையில் வரும் தமிழுக்கு மற்றொரு வடிவமும் உண்டு. 'தக்கலை' என்பதன் ஆறு குறியீடுகளும் யுடிஎஃப்-8 முறையில் 18 பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் மூன்று எழுத்தாக எழுதப்பட, ஊர்ப்பெயர் 54 எழுத்தாக நீள்கிறது. இவ்விரு வடிவங்களையும் ஒன்றெனக் கொள்ளாத தரவகத்தில் ஒரே பக்கம் இருமுறை எண்ணப்படும். குறிநீக்கத்தை முதலில் செய்வதும் தவறு: மறைந்திருந்த சாய்கோடு வெளிப்பட்டுப் பாதையின் எல்லையை மாற்றிவிடக்கூடும். ஆகவே, உறுப்புகளைப் பிரித்தபின்னரே குறிநீக்குமாறு 2005-ஆம் ஆண்டு இலக்கணம் விதிக்கிறது.