புல்லட் கிளட்ச்: தேய்மானம் அறிதலும் பிளேட் மாற்றுதலும்

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கவும், வேண்டும்போது நிறுத்தவும் உதவும் உறுப்பு கிளட்ச். இக்கட்டுரை, சென்னை திருவொற்றியூரில் தயாரான வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350 வண்டியின் கிளட்சைப் பற்றியது. வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக், நாலு கியர் கொண்ட பழைய வண்டி இது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் தொடங்கிய என்ஃபீல்ட் இந்தியா, இதைப் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றித் தயாரித்தது. அதனால் உதிரிபாகங்கள் இன்றும் எளிதில் கிடைக்கின்றன. உடைமையாளரே கழற்றிப் பார்க்கக்கூடிய அமைப்பும்கூட.

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரட்டை வரிசைச் சங்கிலி ஒன்று, எண்ணெய் நிறைந்த பெட்டிக்குள் ஓடுகிறது. அதன் பின்முனையில் இருக்கும் டிரம்முக்குள், உராய்வுப் பூச்சுள்ள பிளேட்டுகளும் வெறும் எஃகுப் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட் வழியாக அவற்றை அழுத்திப் பிடிக்கின்றன. லீவரைப் பிடித்தால் வலப்பக்கமிருந்து ஒரு கம்பி, உள்ளீடற்ற கியர்பாக்ஸ் தண்டினூடே வந்து பிரஷர் பிளேட்டைத் தள்ளும். அடுக்கு தளரும், விசை நிற்கும்.

அறிகுறிகள்

முக்கியமான கோளாறுகள் இரண்டு: ஸ்லிப் ஆவது, முழுதாக விடாமல் இழுப்பது. நாலாவது கியரில் ஏற்றத்தில் முறுக்கினால் எஞ்சின் சத்தம் எகிறி, வண்டி வேகம் பிடிக்காமல் இருந்தால் அது ஸ்லிப். கருகல் வாடையும் வரலாம்.

புல்லட்டில் இதை ஓட்டாமலே கண்டுபிடிக்கலாம். கிக்கரை உதைக்கும் விசை கிளட்ச் வழியாகத்தான் எஞ்சினுக்குப் போகிறது. பிஸ்டனைக் கம்ப்ரஷனில் நிறுத்திக் கிக்கரின் மேல் உடல் எடையைக் கொடுத்தால், நல்ல கிளட்ச் சற்று நேரம் தாங்கும். எதிர்ப்பே இல்லாமல் வழவழவென்று கிக்கர் இறங்கினால் சந்தேகம் கிளட்ச் மேல். ‘டக்’ என்று துள்ளி இறங்கினால் அது கிக்கர் ராட்செட்டின் கோளாறு. வால்வோ பிஸ்டன் ரிங்கோ கசிந்தாலும் கிக்கர் இறங்கும். ஆனால் அப்போது எஞ்சின் சுழலும். பாயிண்ட் வகை இக்னிஷன் உள்ள வண்டியில் சாவியைப் போட்டுவிட்டு மெதுவாக உதைத்தால், எஞ்சின் சுழலும்போது அம்மீட்டர் முள் ஆடும். கிக்கர் அடிவரை போயும் முள் அசையாமல் நின்றால் பிளேட்டுகள் வழுக்குகின்றன என்று கருதலாம்.

லீவரை முழுக்கப் பிடித்தும் வண்டி முன்னே நகர்வது, முதல் கியர் ‘கடக்’ என்று விழுவது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழாதது ஆகியவை இழுப்பின் அடையாளங்கள். கியர்பாக்ஸில் நியூட்ரலுக்கென்றே தனி லீவர் இருப்பதால், இதைப் பலர் ஆண்டுக்கணக்கில் கவனிப்பதில்லை.

பிளேட் வாங்கும் முன்

கிளட்ச் போய்விட்டது என்று கழற்றப்படும் பல வண்டிகளில் பிளேட் நன்றாகவே இருக்கும். பிழை பெரும்பாலும் பிளேயில், அதாவது லீவர் தளர்வாக ஆடும் இடைவெளியில் இருக்கும். லீவரில் 2 முதல் 3 மி.மீ. பிளே தேவை. அது இல்லாவிட்டால் தள்ளுகம்பி பிரஷர் பிளேட்டை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்டும் ஸ்லிப் ஆகும். பிளே அதிகமானால் இழுக்கும். முதலில் கேபிளைத் தளர்த்தி, வலப்பக்கம் கியர்பாக்ஸ் மூடியின் சிறு திறப்பு வழியே கம்பியின் திருகைச் சரிசெய்து, பிறகு கேபிளை வைக்க வேண்டும். கேபிளில் மட்டும் திருகிச் சமாளிப்பது தவறு.

அடுத்தது எண்ணெய். உராய்வைக் குறைக்கும் சேர்மங்கள் உள்ள கார் எண்ணெய் இந்தக் கிளட்சுக்கு ஆகாது. டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருப்பதே நல்லது. நாள்பட நின்ற வண்டியில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லீவரைப் பிடித்தபடி சிலமுறை உதைத்தால் விட்டுவிடும்.

மாற்றும் முறை

எண்ணெயை வடித்து, இடப்பக்க ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் விலக்கினால், சங்கிலிப் பெட்டியின் மூடியைப் பிடித்திருக்கும் ஒற்றைப் பெரிய நட் தெரியும். மிச்ச எண்ணெய் கொட்டும், கீழே தட்டு வைக்க வேண்டும். ஸ்பிரிங் திருகுகளைச் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். பிரஷர் பிளேட் வரும்போது, நடுவே கம்பியின் முனையில் அமரும் சிறு துண்டு விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிளேட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணிமேல் அடுக்கி வைப்பது நல்லது.

பூச்சு பளபளத்தோ உதிர்ந்தோ கருகியோ இருந்தால் பிளேட் மாற்ற வேண்டும். எஃகுப் பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும்; நீலம் பாய்ந்ததைத் திரும்பப் போடக் கூடாது. ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்தினால் குட்டையானது தெரிந்துவிடும். ஒன்று குட்டையானாலும் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். டிரம்மின் விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது மிக முக்கியம். பிளேட்டின் பற்கள் குத்திய பள்ளங்கள் இருந்தால், புதுப் பிளேட்டும் அவற்றில் மாட்டி இழுக்கும். சிறு பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம்; ஆழமானால் டிரம்மையே மாற்ற வேண்டும். சங்கிலிக்கு இணைப்புக் கண்ணி கிடையாது; ஆகவே டிரம், சங்கிலி, எஞ்சின் பல்சக்கரம் மூன்றையும் ஒன்றாகவே இழுக்க வேண்டியிருக்கும். அது புல்லர் உள்ள பட்டறையின் வேலை.

புதுப் பிளேட்டுகளை சங்கிலிப் பெட்டியில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் இரவு முழுக்க ஊறவைத்துப் போட வேண்டும். மூடும் முன் லீவரைப் பிடித்துக் கிக்கரை மெல்ல அழுத்தினால் பிரஷர் பிளேட் சுற்றும். அது தள்ளாடினால் ஸ்பிரிங் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. நேராகச் சுற்றும்வரை மூடியைப் போடாதீர்கள்.

பிளேட் தேயத் தேய அடுக்கின் தடிமன் குறையும்; பிரஷர் பிளேட் உள்ளே நகர்ந்து கம்பியை நெருங்கும்; லீவரின் பிளே குறையும். புதுப் பிளேட் படியும் முதல் சில நூறு கிலோமீட்டரில் இது வேகமாக நடக்கும். ஆகவே அந்த நாட்களில் பிளேயை அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.