கார்புரேட்டர் காலத்துச் சிக்கனம்

இந்தியாவில் மோட்டார் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடும் முயற்சி ஓர் இயக்கமாக வளர்ந்ததற்கு விலையேற்றமே முதற்காரணம். புகையைப் பற்றிய கவலை பின்னரே வந்து சேர்ந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைக் கட்டுப்படுத்தியதைத் தொடர்ந்து, சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ 4 மடங்காக உயர, அந்நியச் செலாவணி குறைந்த நாடுகள் திணறின. 1978இல் நிறுவப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டுவதையும், சிக்னலில் எஞ்சினை நிறுத்துவதையும், டயரில் காற்றைச் சரியாக வைத்திருப்பதையும் மக்களிடையே பரப்பியது.

அக்கால அம்பாசடர், பத்மினி கார்களில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பிய கருவி கார்புரேட்டர். எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று சேர்ந்தால்தான் அது முழுமையாக எரியும் என்பதால், அந்த விகிதத்தைக் காக்கும் பொறுப்பு மெக்கானிக்கின் கையிலும் ஓட்டுபவரின் கவனத்திலும் இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புவதற்காகக் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தவர், எஞ்சின் சூடேறிய பிறகு அதை உள்ளே தள்ள மறந்தால், வழியெல்லாம் பெட்ரோல் வீணாகிக் கரும்புகை கிளம்பும். தேர்ந்த மெக்கானிக் பிளக்கைக் கழற்றி, அதன் முனையைப் பார்த்தே குறையைக் கண்டுபிடிப்பார்: கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. ஏர் பில்டரில் தூசி அடைத்துக்கொண்டாலும் முனை கறுக்கும் என்பதால், அதைத் தட்டிச் சுத்தம் செய்த பிறகே அவர் கார்புரேட்டர் திருகில் கைவைப்பார். நாட்டின் தொழில்நுட்ப வரலாற்றில் உரிய இடம் பெற வேண்டிய அறிவு இது.

முழுமையாக எரியாத அந்தப் பெட்ரோலே கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரோகார்பன்களாகவும் காற்றில் கலந்தது. ஆயினும், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வழியாகவே நாடு தழுவிய கடமையாயிற்று. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, மதராஸ் ஆகிய 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு, நச்சுவாயுக்களை வேதிவினையால் மாற்றும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் அக்கருவி செயலிழக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அங்கே விற்பனைக்கு வந்து, 2000 பிப்ரவரியில் நாடெங்கும் பரவியது.

பின்னர் புகைபோக்கியில் உள்ள ஆக்சிஜன் உணரியின் துணையுடன் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும் எரிபொருள் உட்செலுத்து முறை கார்களில் நிலைபெற்றதும், கார் மெக்கானிக்கின் திருகுவேலை முடிவுக்கு வந்தது. இரு சக்கர வண்டிகளிலோ, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வரும்வரை கார்புரேட்டர் பரவலாக நீடித்தமையால், பிளக்கின் நிறம் பார்க்கும் அறிவு தெருவோரப் பட்டறைகளில் மேலும் 20 ஆண்டுகள் பயன்பட்டுவந்தது.