நாட்றம்பள்ளி: பெயரிழந்த தொகுதி

2019 ஏப்ரல் 18. நாட்றம்பள்ளிக்காரர்கள் வெயிலில் வரிசை கட்டி நின்று மக்களவைக்கு ஓட்டுப் போட்டார்கள். கிழக்கே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வாணியம்பாடியில் அன்று வாக்குச்சாவடியே திறக்கவில்லை. இரண்டு நாள் முன்புதான் குடியரசுத் தலைவர், வாணியம்பாடியும் ஆம்பூரும் அடங்கிய வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தலை ரத்து செய்திருந்தார். காட்பாடி பக்கம் ஒரு சிமெண்டுக் கிடங்கில் வருமான வரித்துறை 11 கோடி ரூபாய்க்கு மேல் ரொக்கம் பிடித்திருந்தது. கட்டுகளை வார்டு வாரியாகப் பிரித்து வைத்திருந்ததாகச் செய்தி வந்தது. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது இந்தியாவில் அதுவே முதல் முறை.

ஆம்பூர்க்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை. அங்கு அதே நாளில் நடக்கவிருந்த சட்டமன்ற இடைத்தேர்தல் ரத்தாகவில்லை. அதற்காக ஏப்ரலில் ஒரு தடவை மை வைத்துக்கொண்டவர்கள், மக்களவைக்காக ஆகஸ்ட் 5 அன்று மறுபடியும் போய் விரலை நீட்டினார்கள். அந்த மக்களவைத் தேர்தலில் 8,141 வாக்கு வித்தியாசத்தில் தி.மு.க. வென்றது.

நாட்றம்பள்ளி இதிலிருந்து தப்பியதற்கு அங்குள்ளவர்களின் நேர்மை காரணமல்ல, வரைபடம்தான் காரணம். ஊர் அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்தது, ஆனால் அதன் ஓட்டு திருவண்ணாமலை மக்களவைத் தொகுதிக்குப் போய்க்கொண்டிருந்தது. கலெக்டரிடம் மனுக் கொடுக்க ஒரு திசையில் பஸ் ஏற வேண்டும். எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். தோல் கம்பெனிகளின் கழிவுநீர் பற்றி வாணியம்பாடிக்காரரும் நாட்றம்பள்ளிக்காரரும் சேர்ந்து ஒரு எம்.பி.யிடம் கேட்க முடியாது. இருவருக்கும் வேறு வேறு எம்.பி.

இந்தக் கோடு போடும் வேலை பழையது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டினத்து உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகால் வட்டாரத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, நாட்றம்பள்ளி இருக்கும் திருப்பத்தூர்ச் சீமையும் கைமாறியது. அது சேலம் ஜில்லாவோடு சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லாவைப் புதிதாக உண்டாக்கியபோது, வட ஆற்காட்டுக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்டுவது போல, சேலத்திலிருந்து திருப்பத்தூரைப் பிய்த்து வட ஆற்காட்டில் ஒட்டினார்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டானது. அதில் அம்பேத்கர் பெயர் தாங்கிய மாவட்டம் பிறகு வேலூர் ஆயிற்று. 2019 நவம்பர் 28 அன்று வேலூரே மூன்றாகி, திருப்பத்தூர் தனி மாவட்டமானது.

மாவட்டப் பெயர் மாறினால் லெட்டர்பேடு மாறும், அவ்வளவுதான் என்று விட்டுவிடலாம். தொகுதி அப்படியல்ல. 2006 தேர்தல் வரை சட்டமன்றத்தில் ‘நாட்றம்பள்ளி’ என்றே ஒரு இருக்கை இருந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 2008-ல் வந்த மறுவரையறை ஆணை அந்தப் பெயரை எடுத்துவிட்டது. 2011 தேர்தலில் ஊர் புதிய ஜோலார்பேட்டைத் தொகுதிக்குள் போனது. அதே ஆணையில் திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியும் காணாமல் போயிற்று. இதற்காக எந்தக் கட்சியும் பெரிதாகச் சண்டை போட்டதாக ஊரில் நினைவில்லை. கட்சிகளுக்குத் தேவை சாதிக் கணக்கு ஒத்துவரும் ஒரு வட்டாரம். அதற்கு என்ன பெயர் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை.

புதிய தொகுதியில் போட்டி சூடாகவே நடக்கிறது. 2011-லும் 2016-லும் வென்று அமைச்சராகவும் இருந்த அ.தி.மு.க.வின் கே.சி. வீரமணி, 2021-ல் தி.மு.க.வின் க. தேவராஜியிடம் 1,091 வாக்கில் தோற்றார். ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று இதைக் காட்டிப் பிரசங்கம் செய்யலாம். ஆனால் டீக்கடையில் கேட்பது வேறு: யார் வந்தாலும் நம்ம பொழப்பு இதுதான். இதைச் சோம்பேறிப் பேச்சு, காசு வாங்கினவன் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு உள்ளாட்சி. 2016 அக்டோபரில் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. பழங்குடியினர் இட ஒதுக்கீடு சரியாக இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்திருந்ததால் புதியவர்கள் வரவில்லை. தனி அலுவலர்கள் கிராமங்களை ஆண்டார்கள். மூன்று வருஷம் இழுத்து 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தபோது, புதிதாகப் பிரித்த மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து ஒன்பதை உச்ச நீதிமன்றம் விலக்கிவைத்தது. திருப்பத்தூர் அதில் ஒன்று. சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளுக்கு 2021 அக்டோபரில்தான் ஓட்டுப்பெட்டி வந்தது. நாட்றம்பள்ளி பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் பிடித்து உலுக்க ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லாமல் ஐந்து வருஷம். அதில் கடைசி இரண்டு வருஷம், தனி மாவட்டம் கிடைத்ததற்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் கொடுத்த விலை. திறப்பு விழா மேடையில் யாரும் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது கணக்கு பாலாறு. கர்நாடகத்தில் பிறந்து ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் ஓடி வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மேலே ஆந்திர அரசு புல்லூர்த் தடுப்பணையை 2016-ல் 5 அடியிலிருந்து 12 அடிக்கு உயர்த்தியது. தமிழ்நாடு வழக்குப் போட்டது. கீழே தோல் ஷாப்புகள். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். குரோம் பதனிடலில் 170 வகை வேதிப்பொருள் சேரும். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. தோல் ஷாப்புகள் பற்றிய இந்தக் கணக்குகள் 1996 ஆகஸ்ட் 28 தேதியிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் விவரங்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் போட்ட வழக்கு அது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதற்காகச் சட்டக் கல்லூரிகள் இன்றும் அதைப் பாடமாக நடத்துகின்றன. இந்த வட்டாரம் நாட்டுக்கு ஷூவோடு ஒரு சட்டக் கொள்கையையும் கொடுத்திருக்கிறது.

தோல் தொழிலை வில்லனாக்குவது சுலபம். கம்பெனி பஸ் ஏறி ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் வேலைக்குப் போகும் பெண்களின் சம்பளத்தில் பல வீடுகள் ஓடுகின்றன. கிணறு கெட்டவரும் சம்பளம் வாங்குபவரும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டியது அரசியல். கட்சிகள் கைகழுவியதால்தான் அது கோர்ட்டுக்குப் போனது.

அதே 1996-ல், தீர்ப்புக்குச் சில மாதம் முன்பு, ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் வேறு வழி பார்த்தார்கள். தங்கள் குறைகளை யாரும் கேட்கவில்லை என்று கும்பல் கும்பலாக மனுத் தாக்கல் செய்தார்கள். அந்த ஒரே சட்டமன்றத் தொகுதிக்கு வேட்பாளர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது, வாக்குப்பதிவைத் தள்ளி வைத்தார்கள். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை, அதாவது தங்கள் ஓட்டையே அவர்கள் தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். அரசு அந்தக் குரலை எப்படிக் கேட்டது? அந்த வருஷமே சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது. வருத்தத்தைச் சொல்லவும் கட்டணம். 2013-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் இயந்திரத்தில் ‘நோட்டா’ பொத்தான் வந்தது. அதில் எத்தனை ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிகம் வாங்கியவரே ஜெயித்தவர். டெபாசிட் இல்லாத மொடக்குறிச்சி என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

பாலாற்று மாசு வழக்கு இன்னும் ஓடுகிறது. நீதிமன்ற உத்தரவின் பேரில் அமைந்த ஆணையம் 2001-லும் 2009-லும் விவசாயிகளுக்கு இழப்பீடு தீர்மானித்தது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு மறுபடியும் உத்தரவு போட்டது: பாக்கி இழப்பீட்டை மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்திய ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும். ஆற்றை மீட்க உயர் நீதிமன்ற ஓய்வு நீதிபதி தலைமையில் குழுவும் அமைக்கச் சொன்னது. 1991-ல் மனுப் போட்டபோது மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர்; 2025-ல் தீர்ப்பு வந்தபோது அதே மண்ணில் மூன்று கலெக்டர்கள். இடையில் தமிழ்நாட்டு ஆட்சி ஐந்து தடவை கைமாறியிருந்தது.